தட்டுப்பலகை

எலிகளுக்கு ஏசி போட்டுக் கொடுத்துவிட்டு மனிதர்களை வேகவைக்கிற கட்டடம் அது. மாடியில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் காகிதத்தால் விசிறிக்கொண்டிருப்பார்கள். கீழே, தரையோடு தரையாக இருக்கிற எலிக்கூடத்தில் வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி, ஒரே வெளிச்சம், ஒரே அமைதி. வெயில் மண்டையைப் பிளக்கிற நாட்களில் மாடி ஆட்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு இறங்கி வருவார்கள். வந்தாலும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, துணிச்செருப்பை மாட்டிக்கொண்டு, குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன் போட்ட சட்டம் அது.

அவனை எல்லோரும் திடுக்கு என்றே கூப்பிட்டார்கள். பின்னால் நின்று யாராவது தும்மினால் போதும், ஒரு முழம் எகிறிவிடுவான். கையில் இருந்தது போன இடம் தெரியாது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை வைத்து அவனைப் பின்னாலிருந்து பயமுறுத்துவது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. அவனும் எகிறிக் குதித்துவிட்டு, சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரித்துவைப்பான். அவன் எங்கே சிரித்தான், பல்லைக் காட்டினான் என்பதுதான் சரி. லேத் பட்டறை, அச்சகம், மர அறுவை என்று ஒவ்வொரு வேலையாகப் பார்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் சத்தம் தாங்காமல் ஓடிவந்தவன். எலிக்கூடத்துக் கதவு முதல்முறை தனக்குப் பின்னால் மூடியபோது, இனி இங்கிருந்து நம்மைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் போகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

வேலையிலும் அவனைக் குறை சொல்ல முடியாது. காலையில் வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, கூண்டு கூண்டாக இழுத்து, நனைந்த மரச்சீவலைக் கொட்டிப் புதுச்சீவல் பரப்புவான். மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பான், தீனி வைப்பான், குட்டி போட்டவளைத் தனியாகப் பிரித்து வைப்பான். சில எலிகளைச் செல்லமாகத் திட்டுவதும் உண்டு.

மாடியிலிருந்த டாக்டரம்மாவின் ஆராய்ச்சி ஸ்ட்ரிக்னினைப் பற்றியது. எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கிற விஷம். அதன் கசப்பை நாக்கு தவறவே விடாது, ஒரு துளி போய் ஒரு வாளித் தண்ணீரையே கெடுக்கும் என்பார் அவர். "ஒரு காலத்துல இதை டானிக்னு காசு கொடுத்து வாங்கிக் குடிச்சாங்க, தெரியுமா? உடம்பு முறுக்கேறும்னு. ஓட்டப்பந்தயத்துக்கு முன்னாடிகூடக் குடிச்சிருக்காங்க. சில பேருக்கு ஏறின முறுக்கு எறங்கவே இல்ல, அப்படியே போய்ச் சேந்துட்டாங்க." ஊரே டாக்டரம்மா என்றாலும் மருந்துச்சீட்டு எழுதுகிற டாக்டர் இல்லை அவர். யாராவது தலைவலி என்று வந்து நின்றால், "நான் எலிக்குத்தான் டாக்டர். வால் இருந்தா வா" என்று அனுப்பிவிடுவார்.

அந்த விஷம் உடம்புக்குள் போய் எதைப் பிடிக்கிறது, அந்தப் பிடியை எதைக் கொண்டு விடுவிக்கலாம் என்பதுதான் அவருடைய கேள்வி. எலிகளில் பாதிக்கு ஒரு புது மருந்தை முதலில் கொடுப்பார். பிறகு எல்லாவற்றுக்கும் மிகமிகக் கொஞ்சமாக விஷத்தை ஊசியில் ஏற்றுவார். எலி ஒன்றும் ஆகாத மாதிரி மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் தட்டுப்பலகை வேண்டும். இரண்டு பலகைத் துண்டுகளைக் கீல் போட்டு இணைத்தது. பட்டென்று மூடினால் அறை அதிரும். அந்த ஒரு சத்தத்துக்கு, மருந்து கேட்காத எலி இருந்த இடத்திலேயே முதுகு வளைந்து, கால் நீண்டு, கட்டையாகிவிடும்.

பலகையைத் தட்டுகிறவன் திடுக்கு. "தும்மலுக்குச் சாகிறவன் கையில பலகையைக் கொடுத்தவங்க யாருப்பா?" என்று வாசல் காவல்காரர் கேட்காத நாளில்லை. விஷயம் இதுதான்: தானே போடுகிற சத்தம் அவனை ஒன்றும் செய்யாது. வேறு யாராவது தட்டினால் எலிக்கு முன்னால் அவன் எகிறிவிடுவான். அதனாலேயே அவன் பலகையை வேறு யாரிடமும் விட்டதில்லை.

அப்படித் தட்டித் தட்டிப் பார்த்த கண். ஆகவே, அவனுக்குப் பிறந்த பிள்ளை முதல்முறை கட்டையானபோது யாரும் அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று அக்கா போன் செய்தபோது அவன் எலிக்கூடத்தில்தான் இருந்தான். ஊசி போட்ட எலிகளை அப்போதுதான் கூண்டில் விட்டிருந்தான். போட்டது போட்டபடி ஓடினான். பாதி வழியில்தான் கோட்டைக் கழற்றவில்லை, கையைக் கழுவவில்லை என்று உறைத்தது. ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்ததும் மனைவி கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டான். தாகமாக இருக்கிறது என்றாள். அதே கையால் தண்ணீர் புகட்டினான்.

ஆண் பிள்ளை பிறந்தது. தாதி குளிப்பாட்டித் துடைத்தபோது துணியின் ஓரம் மூக்கில் பட்டது. பிள்ளை அழவில்லை. முதுகு வளைந்தது, கைகால் விறைத்தது, முகம் நீலம் பாரித்தது. பிறகு தானாகவே தளர்ந்து மூச்சு வந்தது. வலிப்பு என்றார்கள் அங்கே. படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு மருந்தைக் கொடுத்து, கேட்கிறதா பார்ப்போம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வளவையும் திடுக்கு சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது எலி.

அன்றோடு அவன் பிள்ளையைத் தொடுவதை விட்டான்.

வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை. முன்னறை அக்காவுடையது. புருஷன் போனபிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவள், வந்தபோது கூடவே தையல் மெஷினையும் கொண்டுவந்தாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவள்தான் தையல்காரி. இப்போது அந்த மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு கிடந்தது. முதல் நாளே மெஷின் ஓடிய சத்தத்துக்குப் பிள்ளை கட்டையாகிவிட்டது. வெட்டிய துணிகள் தைக்காமல் குவிந்தன. கதவுத் தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றினார்கள். பாத்திரங்களுக்கு நடுவில் பழந்துணி வைத்தார்கள். அழைப்பு மணியின் வயரை அக்காவே கத்தரிக்கோலால் வெட்டினாள். தெருச் சத்தம் வரக்கூடாது என்று ஜன்னல்களை இறுகச் சாத்தினார்கள். மின்விசிறி கடகடவென்று ஆடும் என்பதால் அதையும் நிறுத்தியாயிற்று. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. மூன்று பெரியவர்களும் வியர்த்து வடிந்துகொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். எலிக்கூடத்தின் சட்டமெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது, குளிர்ச்சி மட்டும் வரவில்லை.

கீழே கிடத்தினால் பிள்ளை திடுக்கிட்டது. நெஞ்சோடு சேர்த்து, துணியால் இறுகச் சுற்றி வைத்துக்கொண்டால் கொஞ்சம் தேவலை. அதனால் அவன் மனைவி பிள்ளையைக் கீழே இறக்குவதே இல்லை. இடது கையில் பிள்ளை, வலது கையால் சோறு. உட்கார்ந்தபடியே கண் அயர்வாள். அக்கா கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும், தூக்கி மாற்றுகிற அந்த ஒரு நொடியிலேயே பிள்ளை விறைத்துவிடும் என்று பயந்து, வேண்டாம் அண்ணி என்றுவிடுவாள்.

"என்னங்க, பக்கத்துல வந்து ஒக்காருங்க. தலையை மட்டும் தாங்கிக்கங்க. நான் கையை ஒரு தடவ ஒதறிக்கறேன்."

"கை அழுக்கா இருக்கு."

"இப்பத்தானே குளிச்சீங்க?"

"திரும்பக் குளிக்கணும்."

குளிப்பான். காலையில் குளிப்பான், வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பின்கட்டுக்குப் போய்க் குளிப்பான், சாப்பிட்டுவிட்டு மறுபடி குளிப்பான். அவன் தட்டு தனி, அவன் படுக்கை தனி. துணியைச் சோப்பில் ஊறவைத்து, துவைத்து, மறுபடி ஊறவைத்துத் துவைப்பான்.

"ஏன்டா, இந்தத் தோலை உரிச்சுப் போட்டுட்டு வேற தோல் மாட்டப் போறியா?" என்று அக்கா கேட்டாள். குசுகுசுவென்றுதான் கேட்டாள். ஆனால் அவளுக்குக் குசுகுசுப்பிலும் அதட்டத் தெரியும்.

"எலி நாத்தம், அக்கா."

"இத்தனை வருஷமா வராத நாத்தமா இப்ப வந்துடுச்சு? அவ மூஞ்சியைப் பாத்தியா நீ? புள்ளை நோஞ்சானாப் பொறந்துடுச்சுன்னு புருஷன் ஒதுங்குறான்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

"அப்படியெல்லாம் இல்ல."

"இல்லன்னா வேற என்ன? அதைச் சொல்லித் தொலை."

சொல்லத்தான் நினைத்தான். நாக்கு நுனி வரைக்கும் வரும். சொன்னால் என்ன ஆகும் என்பதையும் நாக்கு நுனியிலேயே நின்று யோசிப்பான். விஷக்கையோடு பிரசவ அறைக்குள் போனவன் என்று தெரிந்தால் எலிக்கூடத்தில் இருக்க விடுவார்களா? போலீஸ் வரும். டாக்டரம்மாவின் ஆராய்ச்சியையே இழுத்து மூடுவார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். 'உன் பிள்ளைக்கு விஷம் வைத்தது நான்தான்' என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டாலோ, ஆஸ்பத்திரிக்காரர்கள் வலிப்பு மருந்தையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள், ஒரு நாள் நீலம் பாரித்த முகம் சிவக்காமலே போய்விடும். சொன்னால் அவள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருந்தது.

ஒருவேளை கையில் ஒன்றுமே ஒட்டாமல் இருந்திருந்தால்? அந்த நப்பாசையும் விடவில்லை. ஒரு நாள் மத்தியானம் பின்கட்டில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையின் கைப்பட்டியை, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாயில் வைத்துச் சப்பினான். கசந்தது. இன்னொரு சட்டை. அதுவும் கசந்தது. பிள்ளைக்கு விரிக்கிற துணியையும் அவன்தான் துவைத்துப் போட்டிருந்தான், அதன் முனையை நக்கிப் பார்த்தான். எட்டிக்காயாய்க் கசந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"சட்டையைத் தின்னுற அளவுக்கா நான் உன்னைப் பட்டினி போட்டேன்?"

அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவன் உட்கார்ந்தபடியே எகிறி, வாளியைத் தட்டிவிட்டான். தகர வாளி கல்லில் உருண்டு எழுப்பிய சத்தம் வீடு முழுக்கப் போனது.

இரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள். மனைவியின் மடியில் பிள்ளை பலகையாகக் கிடந்தது. பின்தலையும் குதிகாலும்தான் மடியில் பட்டன, முதுகுக்கும் மடிக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. கண் திறந்திருந்தது. அதுதான் கொடுமை, அந்தக் கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு கறுத்தது. அவன் மனைவி புடவைத் தலைப்பைத் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழுதால் இன்னும் விறைக்கும் என்று அவளுக்குத் தெரியும். திடுக்கு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். இறுக்கம் எப்போதும் விடுகிற நேரம் தாண்டியது. அக்கா பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்தாள். ஒருவழியாக இறுக்கம் விட்டு, ஒரு விக்கலோடு மூச்சு வந்தது.

மனைவி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"மனுஷனா நீங்க?" குரலே எழவில்லை, காற்றுதான் வந்தது. "புள்ளை சாவுது. கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குறீங்க."

"நான் தொடக்கூடாதும்மா."

"யார் சொன்னா?"

"தொட்டா இன்னும் மோசமாப் போயிடும்."

"உங்க புள்ளை இல்லையா இது? சொல்லுங்க. என்மேல சந்தேகமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல!"

"அப்ப என்னதான் இருக்கு உங்க மனசுல? என்னால முடியலங்க. கத்தவும் முடியல, அழவும் முடியல. இந்த வீட்டுல என்னை உயிரோட பொதைச்சு வச்ச மாதிரி இருக்கு."

ஒரு குடும்பச் சண்டையை இவ்வளவு மெதுவான குரலில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பொத்தான் மாறிப் போட்டிருந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா மாடியில் தனியாக இருந்தார். மேஜையில் பாதி தின்ற ரொட்டியும் ஆறிப்போன டீயும். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

"அம்மா, என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுங்க."

"ஏன், எலி எதையாவது திருடிட்டியா?"

அவன் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அவரும் நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடியது, கழுவாத கை, புகட்டிய தண்ணீர், கட்டையாகிற பிள்ளை, சட்டையின் கசப்பு என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினான்.

"ஒக்காரு முதல்ல. என்ன சோப்பு போட்டுத் துவைக்கிற?"

"என்னம்மா?"

"துணிக்கு என்ன சோப்புன்னு கேட்டேன்."

"பாறை மாதிரி மஞ்சளா ஒரு கட்டி. அதைத் தேய்ச்சு ஊறவச்சு..."

"எத்தனை தடவ?"

"மூணு, நாலு..."

"அலசுறது?"

அவன் விழித்தான். துவைப்பதிலேயே குறியாக இருந்தவன், அலசுவதற்குத் தண்ணீர் மிச்சம் வைத்ததாக ஞாபகம் இல்லை.

"சோப்பை நக்கினா கசக்காம இனிக்குமா?" என்றார் டாக்டரம்மா. "கேளு. விஷப் பெட்டிச் சாவி என்கிட்ட இருக்கு. ஊசி போடுறவ நான். எலிக்குள்ள போறதே துளியில துளி. உன் கையில ஒட்டியிருந்துச்சுன்னே வச்சுக்கோ, அன்னைக்கே உன் பொண்டாட்டிக்குத்தான் முதல்ல காட்டியிருக்கும். அவங்க நல்லா இருக்காங்க இல்ல? இந்த விஷம் வந்தா அன்னைக்கே கொல்லும், இல்லன்னா விட்டுட்டுப் போயிடும். வாரக்கணக்கா உக்காந்து விளையாடாது."

"அப்ப என் புள்ளை ஏம்மா அப்படியே... அப்படியே நம்ம எலி மாதிரி..."

அவர் டீயை எடுத்து, ஆறிப்போனதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"வயித்துக்குள்ள இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு உன் பொண்டாட்டி ஏதாவது சொன்னாங்களா?"

"துள்ளும்னு சொல்லுவா. கதவு அடிச்சா உள்ள ஒரே துள்ளு. அப்பன் மாதிரியே இருக்குன்னு சிரிப்பா."

டாக்டரம்மா எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார். "தலையை நேரா வை" என்றார். அடுத்த நொடி, விரல் நுனியால் அவன் மூக்கு நுனியில் லேசாக ஒரு தட்டு தட்டினார். அவன் தலை பின்னுக்கு வெட்டியது, நாற்காலி சாய்ந்தது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் வெட்டியது. அடுத்த தட்டு வரப்போகிறது என்று அவனுக்கே தெரியும், அப்போதும் வெட்டியது.

"இத்தனை வருஷமா எங்க கண்ணு முன்னாடி எகிறிக்கிட்டே இருந்திருக்க. நாங்களும் சிரிச்சுக்கிட்டே இருந்துட்டோம்" என்றார் அவர். குரல் மாறியிருந்தது.

பிறகு அவனுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். உடம்புக்குள் ஒரு பிரேக் இருக்கிறது. சத்தம் கேட்டால் எல்லா உடம்பும்தான் ஒரு துள்ளு துள்ளும், பிரேக் உடனே பிடித்து அடக்கிவிடும். ஸ்ட்ரிக்னின் போய் அந்தப் பிரேக்கைக் கட்டிப்போடுகிறது, அதனால்தான் எலி கட்டையாகிறது. விஷமே இல்லாமல், பிறக்கும்போதே அந்தப் பிரேக் சரியாக அமையாத மனிதர்களும் உண்டு. ரொம்ப அபூர்வம். ரத்த வழியில் வரும். சிலருக்கு வெறும் திடுக்கிடலோடு போய்விடும், சிலருக்கு முழுசாகக் கட்டையாகும்.

"அப்ப என்கிட்டருந்துதான் வந்திருக்கு" என்றான் அவன்.

"அப்படித்தான் தோணுது. ஆனா நான் எலிக்குத்தான் டாக்டர். மனுஷனுக்குப் பாக்கிற ஒருத்தர் இருக்காரு, இப்பவே பேசறேன். நாளைக்குக் காலையில புள்ளையைத் தூக்கிட்டு வாங்க. இதுதான்னா, இதை அடக்க மருந்து இருக்கு. வளர வளர கொறையவும் செய்யும். அதுவரைக்கும் உன் கைதான் மருந்து. இங்க பாரு."

கதவில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துச் சுருட்டி, பிள்ளை நீளத்துக்கு மேஜையில் கிடத்தினார். "கட்டையானா உள்ளங்காலைத் தேய்ச்சு ஒண்ணும் ஆகாது. ஒரு கையைப் பின்தலைக்குக் கீழ குடு. இன்னொரு கையால ரெண்டு காலையும் சேத்துப் பிடி. பயப்படாம மடக்கு. தலை நெஞ்சுக்கு, முழங்கால் வயித்துக்கு. வயித்துக்குள்ள இருந்த மாதிரி. இறுக்கம் விடும், மூச்சு வரும். எங்க, நீ செய்."

அவன் கோட்டை மடக்கினான். அவர் பிரித்துக் கிடத்தினார். மறுபடி மடக்கினான்.

திரும்பி வரும்போது வானம் கறுத்திருந்தது. எங்கோ மழை பெய்கிற ஈரக்காற்று தெருப்புழுதியைச் சுழற்றியடித்தது. வீட்டுக்குள் நுழைந்தால், முன்னறையில் அக்கா போர்வை போர்த்திய மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையாலேயே ஒரு சட்டைக்குக் காஜா தைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

அவள் காலடியில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னான். ரத்த வழி என்ற இடம் வந்ததும் அக்காவின் ஊசி நின்றுவிட்டது.

"அப்பா" என்றாள்.

அவனும் வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அப்பா தெருவில் நடந்துகொண்டே இருப்பார். ஒரு லாரி ஹாரன் அடிக்கும், அப்படியே வெட்டுண்ட மரமாகச் சாய்வார். கையை ஊன்றக்கூட மாட்டார். நெற்றியில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். குடிகாரன் என்றது தெரு. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனைக் குடிகாரன் பிள்ளை என்றார்கள். அப்பா எதிரே வந்தால் அவன் வேறு தெருவுக்குள் திரும்பிவிடுவான்.

"சாகுற வரைக்கும் ஒரு சொட்டு வாயில வச்சதில்லடா அந்த மனுஷன்" என்றாள் அக்கா. "என்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன், எங்கப்பா குடிக்க மாட்டார்னு. யாரு நம்பினா? அவரே கடைசியில நம்பறதை விட்டுட்டாரு. விழுந்து எந்திரிச்சா, மண்ணைத் தட்டிக்கிட்டு, கொஞ்சம் அதிகமாயிடுச்சுன்னு அவரே சொல்லிக்குவாரு. வேற என்ன சொல்லுவாரு பாவம்?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காஜா தைத்த சட்டையாலேயே துடைத்துக்கொண்டாள். அவனும் அழுதான். அப்பாவுக்காக அவன் அழுதது அதுதான் முதல்முறை.

"போ. அவகிட்டச் சொல்லு" என்றாள் அக்கா.

உள்ளறையில் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் தட்டில் சோறும் முட்டையும் காய்ந்துபோய் இருந்தன. அவனைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அவள் எதிரே போய் உட்கார்ந்து, "ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஜன்னலைப் பிடுங்கியது. துணி வைத்து இறுக்கிய கொக்கி தெறித்து, கதவு சுவரில் போய் மோதியது. தட்டுப்பலகையை யாரோ காதுக்குள் வைத்து மூடிய மாதிரி ஒரு சத்தம்.

அவன் மனைவி ஒரே நொடியில் இரண்டையும் பார்த்தாள். மடியில் பிள்ளை வளைந்து விறைத்தது. எதிரே புருஷன் தலை பின்னுக்கு வெட்டி, கை இரண்டும் தூக்கிப்போட்டு, பின்பக்கமாகச் சாய்ந்தான். இரண்டு பேருக்கும் ஒரே வெட்டு, ஒரே முகம். அவன் கையை ஊன்றி எழுந்தான். பிள்ளை எழவில்லை.

உதடு கறுக்க ஆரம்பித்தது. காற்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கலைத்தது. அவள் வாய்க்குத் தலைப்பைத் தேடினாள்.

"குடு" என்றான் அவன். சாதாரணக் குரலில் சொன்னான். அந்த அறையில் அப்படி ஒரு குரல் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

வாங்கி மடியில் கிடத்தினான். பிள்ளையைப் பிடித்த முதல் கணம் அவனுக்கு உள்ளங்கை கூசியது. மரச்சட்டம் போல இருந்தது உடம்பு, ஆனால் சுட்டது. ஒரு கை பின்தலைக்கு. இன்னொரு கையால் இரண்டு காலையும் சேர்த்து. மடக்கினான். மடங்கவில்லை. இத்தனை சின்ன உடம்புக்குள் இவ்வளவு பிடிவாதமா என்று திகைத்தான். ஒடிந்துவிடுமோ என்று ஒரு பயம் வந்தது. பயப்படாம மடக்கு என்ற குரலை நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தினான். தலை நெஞ்சுக்கு. முழங்கால் வயிற்றுக்கு. எங்கோ ஓர் இடத்தில் இறுக்கம் சட்டென்று விட்டது. பிள்ளை அவன் கைக்குள் சுருண்டது. ஒரு விக்கல். பிறகு அழுகை, உரத்த அழுகை. யாரும் அதை அடக்கச் சொல்லவில்லை.

அக்கா கதவில் வந்து நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலைச் சாத்தப் போனவளை அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

பிள்ளையை மடக்கிப் பிடித்தபடியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கழுவாத கையையும் சொன்னான், சட்டை நக்கியதையும் சொன்னான். அப்பாவைச் சொன்னான். நாளைக்குப் போக வேண்டிய இடத்தைச் சொன்னான். முடித்ததும் அவள் அவன் கைகளைப் பார்த்தாள்.

"அப்ப உங்ககிட்டருந்துதான் வந்துச்சு."

"ஆமா."

"கையிலருந்து இல்ல."

"இல்ல."

"இதுக்காகவா இத்தனை நாளா என்னைத் தனியா விட்டீங்க?"

அவள் கோபம் தீர்ந்துவிட்டதாகத் தெரியவில்லை. இடது கையை வலது கையால் தூக்கி, தோளிலிருந்து விரல் வரைக்கும் மெதுவாகத் தேய்த்தாள். பிள்ளையை ஏந்தியே இருந்த அந்தக் கை மடங்கினபடியே நின்றது, நீட்டினால் நீளவில்லை.

"வச்சுக்கங்க" என்றாள். "எனக்குக் கை மரத்துப்போச்சு."

தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காய்ந்த சோற்றைப் பிசைந்து, முட்டையைப் பிட்டு, அவசரமே இல்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள். வெளியே மழை விழத் தொடங்கியது. முன்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"டேய், மெஷினை ஓட்டப் போறேன். பிடிச்சிருக்கியா?"

அவன் பிள்ளையின் பின்தலைக்குக் கீழே கையை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"பிடிச்சிருக்கேன், ஓட்டு" என்றான்.